த்ராட்டில் பாடியைப் பெரிதாக்குவதிலும் இன்டேக் மேனிஃபோல்டைக் குடைவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரின் 1986 முதல் 1993 வரையிலான மாடல்களை வைத்திருப்பவர்கள் இன்ஜினின் திறனைக் கூட்ட விரும்பினால், முதலில் கை வைக்கும் பாகங்களுள் ஒன்று த்ராட்டில் பாடி. பெடலை மிதித்தால் தண்டோடு சுழன்று திறக்கும் ஒரு தட்டின் வழியே இன்ஜினுக்குள் காற்றை விடும் பாகம் அது. 1989 முதல் வந்த கார்களில் அதன் வாய் ஏறத்தாழ 60 மி.மீ. விட்டமுடையது. 65, 70, 75 மி.மீ. அளவுகளில் மாற்றுப் பாகங்கள் எளிதாகக் கிடைப்பதால், பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அடுத்ததாக, அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் உட்புறத்தை டை கிரைண்டரால் குடைந்து அகலப்படுத்தும் போர்ட்டிங் வேலையில் இறங்குகிறார்கள். இரண்டிலும் நேரும் தவறுகளை அந்த இன்ஜினையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன். காற்றின் போக்கு மற்ற இன்ஜின்களிலும் இதுதான்.

எல்லாவற்றுக்கும் முந்தைய தவறு, காற்று எந்த இடத்தில் நெருக்கப்படுகிறது என்று அளந்து பார்க்காமலே பாகம் வாங்குவது. ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5.0 என்று பெயர் பெற்றாலும் உண்மையில் 4.9 லிட்டர் கொள்ளளவுள்ள இந்த வி8 இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடும்போது, சிலிண்டர்கள் 85 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 190 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அவ்வளவு காற்றும் 60 மி.மீ. வாய் வழியே போக வேண்டுமானால் நொடிக்கு 68 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். வாய் 70 மி.மீ. ஆனால் அந்த வேகம் 50 மீட்டராகக் குறைகிறது. இந்த வேகத்தைப் பெறுவதற்கு முதல் வாயில் சுமார் 2.8 கிலோபாஸ்கல் அழுத்தமும், இரண்டாவதில் சுமார் 1.5 கிலோபாஸ்கல் அழுத்தமும் செலவாகின்றன. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல் என்பதால், மிச்சமாவது ஒன்றேகால் விழுக்காட்டை ஒட்டியதுதான். வேறெதையும் தொடாத, 225 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட ஓர் இன்ஜினில் அதன் மதிப்பு சுமார் மூன்று குதிரைத்திறன். தண்டும் தட்டும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் சேர்த்தால் இந்த எண் சற்று மாறலாம். ஆனால் விளம்பரங்களில் வாக்களிக்கப்படும் அளவுக்கு அது வளராது.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் கார்களிலேயே காணலாம். 1989 முதல் வந்த மாடல்களில் த்ராட்டில் பாடிக்கு முன்னே இருந்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் மீட்டரின் வாய் 55 மி.மீ.தான். அந்தச் சிறிய வாய்க்குப் பின்னால் 75 மி.மீ. த்ராட்டில் பாடியைப் பூட்டினால், முன்வாசலை அப்படியே விட்டுவிட்டு நடுவாசலை இடித்துக் கட்டியது போலாகும். அதே போல, தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்பு சிலிண்டர் ஹெட்டுகளின் குறுகிய துளைகளும் வால்வுகளும் பாதையின் கடைசியில் நிற்கின்றன. ஃபோர்டு நிறுவனமே 1993-ஆம் ஆண்டின் கோப்ரா மாடலுக்குத் திறனைக் கூட்ட நினைத்தபோது, ஹெட், மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அளப்பது கடினமான வேலை அல்ல. ஒரு சாதாரண வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் இணைத்து, பெடலை முழுமையாக மிதித்து, இன்ஜின் அதன் உச்சச் சுற்றை நெருங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பொதுச் சாலையில் செய்யக் கூடாது. காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோவில்தான் செய்ய வேண்டும். முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால், த்ராட்டில் பாடி வரையிலான பாதையில் குறை இல்லை, மாற்றத் தேவையும் இல்லை. அங்கே குறிப்பிடத்தக்க வேக்குவம் தெரிந்தால், கேஜின் குழாயை த்ராட்டில் தட்டுக்கு முன்னே மாற்றிப் பூட்டி மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு த்ராட்டில் பாடியின் பங்கு. மீதி ஃபில்டர், மீட்டர், இடையிலுள்ள குழாய் ஆகியவற்றின் பங்கு. அரை நாளில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் செலவழிப்பவர்களே மிகுதி என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

பெரிய த்ராட்டில் பாடியைப் பூட்டியதும் கார் துடிப்பாக ஓடுவதாகப் பலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தட்டு பெரிதாக இருப்பதால், பெடலை அதே அளவு மிதிக்கும்போது முன்னைவிட அகலமான இடைவெளி திறக்கிறது; கால் மிதியின் முதற்பகுதியிலேயே அதிகக் காற்று போகிறது. முழுமையாக மிதித்த நிலையில் திறன் ஏறக்குறைய பழையதாகவே இருக்கலாம். இந்த உணர்வைத் திறன் என்று எடுத்துக்கொள்வதும் ஒரு தவறுதான். நெரிசலான சாலையில் கார் வெட்டி வெட்டி நகரும் தொல்லையும், மிதியின் தொடக்கத்திலேயே அதிகக் காற்று போவதால்தான் வருகிறது.

பூட்டும்போது நேரும் தவறுகளில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது. 5.0 இன்ஜினில் மேனிஃபோல்டு மேல், கீழ் என இரண்டு துண்டுகளாக இருக்கும். த்ராட்டில் பாடிக்கும் மேல் மேனிஃபோல்டுக்கும் நடுவே, புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் அமைப்புக்கான ஈஜிஆர் ஸ்பேசர் என்ற ஒரு துண்டு இருக்கிறது. பெரிய த்ராட்டில் பாடியை மட்டும் வாங்கி, ஸ்பேசரைப் பழையபடியே விட்டால், காற்றுக்கு எதிரே ஒரு விளிம்பு நீட்டி நிற்கும். அதுமட்டுமல்ல, முழுமையாகத் திறக்கும் தட்டின் ஓரம் ஸ்பேசரின் சுவரிலோ, சரியாகப் பொருந்தாத கேஸ்கெட்டிலோ இடித்துச் சிக்கிக்கொள்ளவும் கூடும். இன்ஜினை இயக்கும் முன், ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலைத் தரைவரை பலமுறை மிதிக்க, மற்றொருவர் தட்டு முழுமையாகத் திறக்கிறதா, கால் எடுத்ததும் தானாக முழுமையாக மூடுகிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஸ்பேசர் வழியாகக் கூலண்ட் ஓடுகிறது என்பதையும் மறந்துவிட்டுச் சூடான இன்ஜினில் குழாயைக் கழற்றுபவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஏஓடி என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸின் உள் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் த்ராட்டில் பாடியின் லிவர் கையோடுதான் இணைந்திருக்கிறது. புதிய பாகத்தின் கை வேறு அளவிலோ கோணத்திலோ இருந்தால் அழுத்தம் குறைந்து, கிளட்சுகள் வழுக்கித் தேய்ந்து, குறுகிய காலத்திலேயே கியர்பாக்ஸ் எரிந்துபோகும். கேபிளை அழுத்தக் கேஜ் வைத்துச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் மெதுவான சுற்று, சரியாக வரவில்லை என்றதும் த்ராட்டில் நிலை சென்சாரை 0.99 வோல்ட்டில் நிறுத்தினால்தான் கார் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கை இந்தக் கார்க்காரர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் காலத்து ஃபோர்டு கம்ப்யூட்டர், தான் காணும் மிகக் குறைந்த வோல்டேஜையே மூடிய நிலையாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே 1 வோல்ட்டுக்குக் கீழே, உரிய வரம்புக்குள் இருந்தால் போதும். அதற்காகச் சென்சாரின் துளைகளை அராவி நீட்டுவது வீண் வேலை. ஐடிலில் குறை இருந்தால் முதலில் ஐடில் ஏர் வால்வையும் வேக்குவம் கசிவையும் பார்க்க வேண்டும். மின்னணு த்ராட்டில் வந்த பின்னைய கார்களில், அதாவது மஸ்டாங்கில் 2005 முதல், கம்ப்யூட்டர் தட்டின் கோணத்தையும் கொண்டு காற்றைக் கணிப்பதால், அளவு மாறியதை அதற்கு ட்யூனிங் மூலம் தெரிவிக்காமல் பூட்டுவதே தவறு.

இனி போர்ட்டிங். இங்கே நேரும் தவறுகளைத் திருத்துவது கடினம். த்ராட்டில் பாடியைத் திரும்பக் கழற்றலாம், குடைந்தெடுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மிகப் பரவலான பழக்கம், புதிய கேஸ்கெட்டின் துளையை மேனிஃபோல்டின் முகத்தில் வரைந்துகொண்டு அந்தக் கோடு வரை குடைவது. கேஸ்கெட்டின் துளை பெரும்பாலும் ஹெட்டின் துளையைவிடப் பெரியதாகவே வெட்டப்பட்டிருக்கும். கோடு வரை குடைந்தால் மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிட அகலமாகி, ஓடிவரும் காற்று ஹெட்டின் விளிம்பில் முட்டும். அளவை எடுக்க வேண்டியது ஹெட்டிலிருந்துதான், கேஸ்கெட்டிலிருந்து அல்ல. மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிட எல்லாப் பக்கமும் ஒரு மயிரிழை சிறியதாக இருப்பது தீங்கில்லை. காற்று சிறிய வாயிலிருந்து பெரிய வாய்க்குள் இறங்கிப் போய்விடும்.

அந்தக் கடைசி ஓர் அங்குலத்தை மட்டும் அகலப்படுத்தி, உள்ளே ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயான ரன்னரைப் பழைய அளவிலேயே விடுவதும் பயன் தராது. குறுகிய குழாயில் விரைந்து வந்த காற்று திடீரென அகன்ற இடத்தில் வேகம் இழந்து, மறுபடியும் ஹெட்டின் குறுகிய இடத்தில் வேகம் பெற வேண்டியிருக்கும். பாம்பு எலியை விழுங்கினாற்போல் நடுவில் வீங்கிய குழாய் அது. மாறாக, ரன்னர் முழுவதையும் கண்டபடி அகலப்படுத்தினால், காற்றின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுற்றுகளில் டார்க் (முறுக்கு விசை) குறையும். நாள்தோறும் ஓட்டும் காருக்கு அது நட்டம். மேல் மேனிஃபோல்டின் நீண்ட, வளைந்த ரன்னர்களுக்குள் டை கிரைண்டர் எட்டவே எட்டாது என்பதால், இந்த இன்ஜினில் கையால் செய்யும் வேலை கீழ் மேனிஃபோல்டோடு நின்றுவிடுவது நல்லது. மேலே கைக்கு எட்டும் இரண்டு முனைகளை மட்டும் குடைவது கண்ணுக்குத்தான் நிறைவு தரும்.

குடையும்போது எட்டு ரன்னர்களையும் ஒரே அளவில் முடிக்க வேண்டும். காலிப்பரால் ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைக்காமல் கண் மதிப்பில் செய்தால், முதல் ரன்னரும் எட்டாவது ரன்னரும் இரு வேறு ஆட்கள் செய்தது போல் இருக்கும். போல்ட் துளைகளை ஒட்டிய இடத்திலும், இன்ஜெக்டர் அமரும் இடத்திலும், கூலண்ட் பாதையை ஒட்டிய இடத்திலும் சுவர் மெல்லியதாக இருக்கலாம். அங்கே துளை விழுந்தால் டிக் வெல்டிங்தான் வழி. கவனிக்காமல் பூட்டினால் கூலண்ட் சிலிண்டருக்குள் போகும். உட்புறத்தைக் கண்ணாடி போல மெருகேற்றுவதிலும் பலர் பல மணி நேரத்தைச் செலவிடுகிறார்கள். 60 அல்லது 80 எண் கொண்ட எமரி விட்டுச்செல்லும் முகமே போதுமானது. வழவழப்பைவிட வடிவமே காற்றுக்கு முக்கியம்.

சுத்தம் செய்வதில் காட்டும் அவசரம் இன்ஜினையே கொன்றுவிடும். மேனிஃபோல்டு இன்ஜினின் மேல் இருக்கும்போதே குடைவதை யாரும் செய்யக் கூடாது. கழற்றிய உடனே ஹெட்டின் துளைகளையும், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையே உள்ள இன்ஜினின் நடுப் பள்ளத்தையும் துணியால் அடைக்க வேண்டும். குடைந்து முடித்ததும் மேனிஃபோல்டைச் சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்து, மறுபடியும் கழுவ வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட வட்டமாகச் சுழலும் உராய்வுத் தட்டுகளைப் பயன்படுத்துவது இதே அளவுக்குக் கேடு. அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அழிக்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்கு எச்சரிக்கையே அனுப்பியிருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

திரும்பப் பூட்டும்போது, முன்னும் பின்னும் வைக்கும் தக்கை சீல்களை நம்பாமல் சிலிக்கான் பட்டை இடுவதும், போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதும், இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறியபின் மீண்டும் சரிபார்ப்பதும் அவசியம். கீழ் மேனிஃபோல்டின் அடிப்புறத்தில் கசிவு இருந்தால் அது வெளியே தெரியாது. இன்ஜின் பள்ளத்திலிருந்து எண்ணெய் ஆவியை உறிஞ்சி நீலப் புகையாக வெளிவிடும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினைப் பிரிக்கும் முன், இதைப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியபின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி, அதன் காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் காந்த போல்ட் சுத்தமாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது, மடிப்புகளுக்குள்தான் மின்னும்.