கரண்ட் போனாலும் ஒப்படை போகவேண்டும்: வன்னியிலிருந்து கணினித் தகவல் முறைமைப் பாடம் படிப்பது

கணினித் தகவல் முறைமை அறிமுகப் பாடத்தில் புள்ளி போவது பெரும்பாலும் பாடம் விளங்காததால் அல்ல. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே படித்த விடயம். கலைப்பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு மாதத்தில் பிடிபட்டுவிடும். நேரக் கணக்குத் தப்புவது, கோப்பு திறக்காமல் விடுவது, பெயர் பொருந்தாமல் போவது, பரீட்சை நடுவில் றவுட்டர் நின்றுவிடுவது, இவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. அவற்றுக்கே இங்கே கூடுதல் இடம்.

முதலில் எந்தப் பாடம் என்று தீர்மானியுங்கள். உள்ளூர்ப் பட்டத்தோடு போக விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் வெளிவாரி தகவல் தொழினுட்பப் பட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் எண்ணம் இருந்தால், அமெரிக்கக் கல்லூரிகளின் மூன்று கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) அறிமுகப் பாடத்தைத் தனியாக எடுக்கலாம். ஆனால் காசு கட்டுவதற்கு முன்பே, நீங்கள் பின்னர் சேரப்போகும் இடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, அந்தக் கிரெடிட்டை ஏற்பீர்களா என்று கேட்டு, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் அழகாக இருக்கிறது என்பதற்காக, அதே பாடத்தை அங்கே திரும்பப் படிக்கத் தேவையில்லை என்று யாரும் விலக்குத் தருவதில்லை.

பாட நேரத்தையும் நேர்மையாகக் கணக்கிடுங்கள். மூன்று கிரெடிட் என்றால் வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் வகுப்பு, ஆறு மணித்தியாலம் சொந்த வேலை. பதினைந்து வாரத்தில் 135 மணித்தியாலம். அதே பாடத்தை எட்டு வாரத்தில் முடிக்கும் சுருக்கப் பிரிவும் இருக்கும். அதில் வாரத்துக்கு 17 மணித்தியாலம் போகும். வயல் வெட்டுக் காலத்திலோ வேலைக்குப் போய்க்கொண்டோ படிக்கிறவர்கள் அந்தப் பிரிவின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

சேரும்போது பெயர்

விண்ணப்பத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். நம்மில் பலர் ஒரு பெட்டியில் முதலெழுத்தையும் மற்றதில் பெயரையும் போட்டுவிடுகிறோம். மேற்பார்வையோடு நடக்கும் பரீட்சையில் கமராவுக்கு முன்னால் அடையாள ஆவணம் காட்டச் சொல்லும்போது அது பொருந்தாது. கடவுச்சீட்டில் எந்த ஒழுங்கில், எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே போடுங்கள், ஓரெழுத்தும் மாறாமல். பழைய தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலம் இல்லை. வெளிநாட்டு மேற்பார்வையாளரால் அதை வாசிக்க முடியாது. கடவுச்சீட்டு இல்லாதவர்கள், எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

கணினி, டேட்டா, கரண்ட்

போனில் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. அறிமுகப் பாடங்களில் பெரும்பாலும் தரவுத்தளத்துக்கு மைக்ரோசொஃப்ட் அக்சஸ் கேட்பார்கள். அது விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும். மக், குரோம்புக், போன் எதிலும் இல்லை. உலாவியில் இலவசமாகத் திறக்கும் ஒஃபிசிலும் அக்சஸ் கிடையாது. பழைய லாப்டொப் வாங்குகிறவர்கள் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டியும் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் இயந்திரமா என்றும் கேளுங்கள். ஒஃபிசுக்குக் காசு கொடுக்க அவசரப்பட வேண்டாம். கல்லூரி மின்னஞ்சல் வந்ததும் பல இடங்களில் மாணவருக்கு அது இலவசம்.

டேட்டாவைப் பொறுத்தவரை, விரிவுரைக் காணொளியை 360 தரத்தில் பார்த்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் 300 எம்பி போகும்; 720இல் பார்த்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். கரும்பலகையும் சிலைடும் பார்க்க 360 போதும். சூம் வகுப்பு ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ ஒரு ஜிபி. உங்கள் பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் வாரத்துக்கான காணொளிகள், சிலைடுகள், பயிற்சிக் கோப்புகள் எல்லாவற்றையும் இரவில் இறக்கி வையுங்கள். விண்டோஸ் அமைப்பில் உங்கள் வைஃபையை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்துவிட்டால், கணினி உங்களைக் கேளாமல் புதுப்பிப்புகளை இறக்கி டேட்டாவை விழுங்குவது பெருமளவு குறையும்.

லாப்டொப்பில் பற்றரி இருக்கிறது, றவுட்டரில் இல்லை. கரண்ட் போன அதே கணத்தில் நெற்றும் போவது இதனால்தான். றவுட்டருக்கென்றே சிறிய யூ.பி.எஸ். விற்கிறார்கள். வாங்கமுன் றவுட்டர் அடப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்; பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் எல்லாமே அப்படியில்லை. இரண்டாவது காப்பு, வேறு நிறுவனத்தின் சிம் போட்ட போன். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் இருந்து பயனில்லை, கோபுரம் படுத்தால் இரண்டும் படுக்கும். கரண்ட் நெடுநேரம் இல்லாவிட்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமின்னல் தொடங்கியதும் றவுட்டர் வயரையும் தொலைபேசி வயரையும் சேர்த்தே கழற்றிவிட்டு, வேலையை போன் ஹொட்ஸ்பொட்டில் தொடருங்கள்.

ஞாயிறு இரவு 11.59 எங்களுக்கு எப்போது?

அமெரிக்கக் கிழக்குப் பகுதிக் கல்லூரி ஒன்றில் ஒப்படைக்கான கடைசி நேரம் வழமையாக ஞாயிறு இரவு 11.59. இலங்கையில் அது திங்கள் காலை. அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்திருக்கும் கோடை நேரத்தில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், ஆகவே காலை 9.29. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்ததும் வித்தியாசம் பத்தரை ஆகிறது, காலை 10.29. அது எங்களுக்கு ஒரு மணித்தியாலம் இலாபம். ஆபத்து மார்ச்சில். மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூடு முன்னுக்குப் போகிறது. அன்றைய ஒப்படை திங்கள் 10.29க்கு அல்ல, 9.29க்கே மூடிவிடும். திங்கள் காலை பத்து மணிக்கு அனுப்பிப் பழகியவர்கள் அந்த வாரம்தான் பூச்சியம் வாங்குகிறார்கள். மூடில், கன்வாஸ் போன்ற கற்றல் தளங்களில் உங்கள் சுயவிவரத்தில் நேரவலயத்தைக் கொழும்பு என்று மாற்றிவிட்டால் தளமே கணக்குப் போட்டுக் காட்டும். பாடத்திட்டக் கோப்பில் எழுதியிருப்பது மட்டும் அவர்களின் நேரமாகவே இருக்கும்.

உங்கள் சொந்தக் கடைசி நேரம் சனி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முழுவதும் கரண்ட் இல்லாவிட்டாலும் பஸ் ஏறிக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கொமினிகேசனில் இருந்து அனுப்ப நாள் இருக்கும்.

கலந்துரையாடல் பகுதிக்கு வாரத்தில் இரண்டு கெடு உண்டு: நடுவாரத்தில் உங்கள் முதற்பதிவு, வார இறுதிக்குள் மற்ற இருவருக்குப் பதில். கடைசி நாள் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பாதிப் புள்ளிதான். புத்தக வரியைத் திருப்பி எழுதாமல் பரந்தனில் ஒரு அரிசி ஆலை நெல் வரவை எப்படிப் பதிகிறது, அதில் ஆட்கள் எது, நடைமுறை எது, தரவு எது என்று பிரித்து எழுதிப் பாருங்கள். வன்பொருள், மென்பொருள், தரவு, ஆட்கள், நடைமுறை என்ற தகவல் முறைமையின் ஐந்து கூறுகளும் அங்கே கண்முன்னே நிற்கும், வேறு யாரும் அதை எழுதியிருக்கவும் மாட்டார்கள்.

விரிதாளில் எங்கே சறுக்கும்

புள்ளியில் பெரும்பங்கு பொதுவாக எக்செல்லுக்கு. நெல் கொள்வனவுப் பட்டியல் ஒன்றை எடுங்கள். ஏ நிரலில் பெயர், பி நிரலில் கிலோ, சி நிரலில் தொகை. ஒரு கிலோவின் விலை ஈ1 கலத்தில். முதல் ஆளின் தொகைக்கு சி4இல் பி4 பெருக்கல் ஈ1 என்று சூத்திரம் போடுகிறீர்கள், விடை சரி. கீழே இழுத்ததும் மற்ற எல்லோருக்கும் பூச்சியம் விழுகிறது. ஏன்? ஒரு நிரை இறங்கும்போது பி4 பி5 ஆவதுபோல ஈ1உம் ஈ2 ஆகிவிட்டது, ஈ2இல் ஒன்றுமில்லை. சூத்திரத்தில் ஈ1மேல் நின்று எஃப்4 சாவியை அழுத்தினால் $ஈ$1 என்று டொலர் குறி வந்து கலம் பூட்டப்படும். சில லாப்டொப்பில் எஃப்.என். சாவியையும் சேர்த்து அழுத்தவேண்டும். பள்ளிப் பாடநூல் தனிக் கல முகவரி என்று சொல்வது இதைத்தான். விலையை நேரே சூத்திரத்துக்குள் எண்ணாக எழுதினாலும் விடை சரியாகவே வரும். ஆனால் தானியங்கி மதிப்பீடு விடையோடு சூத்திரத்தையும் பார்க்கும், புள்ளி வராது.

இன்னும் இரண்டு. தொலைபேசி எண்ணை அடித்தால் முன்னாலுள்ள பூச்சியத்தை எக்செல் தின்றுவிடும், ஏனென்றால் அது அதை ஒரு எண் என்று நினைக்கிறது. அடிக்கமுன் நிரலை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். அடுத்தது திகதி. 03/04 எங்களுக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. வினாத்தாளின் தரவை இறக்கமுன் விண்டோஸின் பிரதேச அமைப்பை அமெரிக்காவுக்கு மாற்றாவிட்டால் பாதித் திகதி மாறிவிடும். மீதி, 12க்கு மேற்பட்ட நாட்கள், வெறும் உரையாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அப்படி இடப்பக்கம் ஒட்டியிருப்பதைக் கண்டால் அதுதான் காரணம்.

தானியங்கியாகத் திருத்தப்படும் ஒப்படைகளில் உங்கள் கணக்கிலிருந்து இறக்கிய தொடக்கக் கோப்பிலேயே வேலை செய்யவேண்டும். அதற்குள் உங்கள் பெயர் பதிந்திருக்கும். நண்பரின் கோப்பை வாங்கித் திருத்தி அனுப்பினால் தளம் உடனே காட்டிக்கொடுக்கும்.

தமிழில் ஏதும் தட்டச்சுச் செய்பவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவை விட்டுவிடுங்கள். பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடு உள்ள யுனிகோடில் அடியுங்கள். எழுத்துக் குறியீடு பற்றிய அத்தியாயம் வரும்போது இதைவிட நல்ல உதாரணம் உங்களுக்குத் தேவைப்படாது.

அக்சஸில் உரமானியம் பெறும் கமக்காரர் பட்டியல் ஒன்றைச் செய்வதாக வையுங்கள். ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவிக்குப் பலர் அடையாள அட்டை எண்ணை எடுக்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பழைய எண் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். ஒரே கமக்காரர் ஒரு தரம் பழைய எண்ணோடும் இன்னொரு தரம் புதிய எண்ணோடும் பதிந்தால் அட்டவணையில் இரண்டு ஆளாகிவிடுவார், உரமானியமும் இரண்டு தரம் போகும். தானியங்கி எண்ணையோ அங்கத்துவ இலக்கத்தையோ முதன்மைச் சாவியாக்கி, அதையே கொடுப்பனவு அட்டவணையில், இரண்டு அட்டவணையையும் இணைக்கும் அந்நியச் சாவியாக வையுங்கள்.

துவித எண், வலையமைப்பு, பாதுகாப்பு அத்தியாயங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பைற் எட்டு பிற், ஒரு கிலோபைற் 1024 பைற் என்பதிலிருந்து தொடங்கி நாளுக்கு இருபது நிமிடம் கணக்குச் செய்தால் போதும்.

பரீட்சை நாள்

பூட்டு உலாவி என்று ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அது திறந்திருக்கும்போது வேறு எதையும் திறக்க முடியாது. பயிற்சி வினாடிவினாவில் ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள், வைரஸ் தடுப்பி அதை மறிப்பது வழமை. கமராவோடு ஒலியும் பதிவாகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அண்டியோ, ஊர்க்கோயில் திருவிழாவிலோ பரீட்சை விழுந்தால் ஒலிபெருக்கிச் சத்தம் பேச்சுக்குரலாகக் குறிக்கப்படலாம். முன்கூட்டியே ஆசிரியருக்கு எழுதி வையுங்கள்.

நடுவில் இணைப்பு அறுந்தால் நேரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். உலாவியை மூடவேண்டாம். போனைக் கொண்டு திரையை மணிக்கூடும் தெரியும்படி படம் எடுங்கள், ஹொட்ஸ்பொட்டைப் போட்டு அதே பக்கத்துக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் அந்தப் படத்தோடு பத்து நிமிடத்துக்குள் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்த நாள் அனுப்பும் விளக்கத்துக்குப் பெரிதாக மதிப்பு இராது.

பாடம் முடிந்ததும் தளத்துக்கான அனுமதி விரைவில் மூடப்படலாம். பெறுபேறு வந்த அன்றே பாடத்திட்டக் கோப்பையும் திருத்திய ஒப்படைகளையும் இறக்கி பென் டிரைவில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வையுங்கள். கிரெடிட் விலக்குக் கேட்கும்போது வாரவாரியான பாடத்திட்டத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.