மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியா? முதலில் கம்பியில் இரண்டு கோடு போடுங்கள்

ஏற்காடு நாகலூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் காப்பித் தோட்டத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி உண்டு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கியது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவோம். ஒரு முறை அப்படிக் கிளம்பும்போது மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகத் தள்ளிக் கெட்டிக்கும் கம்பியைச் சும்மா குழலுக்குள் விட்டுப் பார்த்தேன். வழக்கமாகக் குழல் வாயோடு சமமாக நிற்கும் கம்பி நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் கெட்டித்த மருந்தும் ரவையும் அப்படியே உள்ளே கிடந்திருக்கின்றன. "அதை எப்பவோ சுட்டுட்டேனே சாமி" என்கிறார் பெரியப்பா. சேலத்தில் துப்பாக்கிக் கடைக்காரர் மருந்தை நனைத்து, திருகு வைத்து இழுத்து எடுத்துக் கொடுத்தார். இதை வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

இப்போது பென்சில்வேனியாவில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளை புதுசாக ஒரு இன்லைன் ரைஃபிள் (மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் நவீன வகை) வாங்கிவிட்டு, "மச்சான், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே அதற்கென்று வேட்டைப் பருவமும் அனுமதிச் சீட்டும் உண்டு. நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். அதில் பேச ஒன்றுமில்லை.

பழைய துப்பாக்கியில் குதிரை, அதாவது விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல், பக்கவாட்டில் இருக்கும், தட்டினால் நெருப்பு தரும் கேப் என்ற சின்ன மூடியைத் தட்டும், நெருப்பு வளைந்து உள்ளே போகும். இன்லைனில் அதே வேலையைச் செய்யும் பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால் உட்காருகிறது. 1985-ல் மிசௌரிக்காரர் டோனி நைட் எம்கே-85 என்ற ரைஃபிளைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை பரவியது. பெரும்பாலும் .50 காலிபர் (குழல் துளை அரை அங்குலம்), 209 என்ற வகை பிரைமர். ஆனால் வாய் வழியாக மருந்து போடுகிற வேலையும், அதிலுள்ள ஆபத்தும் பெரியப்பா காலத்தில் இருந்தது போலவேதான்.

முதல் வேலை, குழல் காலி என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கம்பியைக் கடைசிவரை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் கையேடு சொல்கிற அளவு மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது கோடு. இனி உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம், கம்பியைக் கேளுங்கள். மருந்தை மாற்றினாலோ குண்டை மாற்றினாலோ கோட்டையும் மாற்ற வேண்டும்.

அடுத்து, குழலில் பூசி வைத்த எண்ணெயைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, காலித் துப்பாக்கியை இலக்குப் பக்கம் பிடித்து ஒன்றிரண்டு பிரைமர் மட்டும் வெடியுங்கள், நெருப்புப் போகும் வழி காய்ந்துவிடும். பாதிப் பேர் "மருந்து பத்திக்கலை" என்று புலம்புவது இதைச் செய்யாததால்தான்.

மருந்து என்றால் கரிமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் மாதிரியானவை. சாதாரணத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தைக் கொஞ்சம்கூடக் கலக்கக் கூடாது, அதன் அழுத்தத்துக்குக் குழல் வெடித்துவிடும். மாப்பிள்ளையின் கையேடு 100 கிரெயின் (மருந்தை அளக்கும் அலகு) என்கிறது, அது தராசு எடையில்லை, அளவுக் குப்பியில் போட்டிருக்கும் கோட்டின் கணக்கு. டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். போன வெடியின் ஒரு கங்கு உள்ளே இருந்தால் கையில் இருக்கும் டப்பா முழுவதும் பற்றிக்கொள்ளும். டப்பாவிலிருந்து குப்பிக்கு, டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டு, குப்பியிலிருந்து குழலுக்கு. பீடி சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம்.

குண்டை உள்ளே தள்ளும்போது கம்பியை உள்ளங்கையால் குத்தாமல் விரல்களால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், முகம் குழல் வாய்க்கு நேராக வரக் கூடாது. குண்டு மருந்தின் மேல் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் அது குண்டு இல்லை, குழலை அடைத்த மூடி, சுட்டால் குழலே பிளக்கலாம். இரண்டாவது கோடு வாய் மட்டத்துக்கு வந்ததா என்று பாருங்கள். அப்புறம் கம்பியை வெளியே எடுக்க மறக்காதீர்கள், கம்பியோடு சேர்த்துச் சுட்டவர்களும் இருக்கிறார்கள்.

பிரைமர் எல்லாவற்றுக்கும் கடைசி. சுடும் இடத்தில் நின்று, குழல் இலக்கை நோக்கியிருக்கும்போது மட்டும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? அசையாதீர்கள். மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம். குழலை இலக்கிலிருந்து எடுக்காமல் குறைந்தது ஒரு முழு நிமிடம், கையேடு அதிகம் சொன்னால் அவ்வளவு நேரம், அப்படியே நின்றுவிட்டுப் பிறகு பிரைமரை மாற்றுங்கள். குழல் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவரைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெடித்திருந்தால், அடுத்த மருந்து போடுவதற்கு முன் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று உள்ளே போய் வரட்டும்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கிடையாது. கரிமருந்து எரிந்து மிஞ்சுவது பெரும்பாலும் உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊரில் ஒரே ராத்திரியில் குழல் வாயில் செம்பழுப்பு படியும். பெரியவர்கள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அழுக்கு போன மாதிரி இருக்கும், ஆனால் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் காலி என்று கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, குழலின் பின்முனையை அடைத்திருக்கும் திருகு மூடியான பிரீச் பிளக்கைக் கழற்றி, பக்கெட்டில் சோப்பு கலந்த வெந்நீர் வைத்துத் தேயுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை. கடைசியாக நல்ல கொதிநீர் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே காய்ந்துவிடும், அந்தச் சூடு ஆறியதும் மெல்லிய எண்ணெய். பிளக் மரையில் அதற்கென்று விற்கும் கிரீஸ் தடவாவிட்டால் அடுத்த முறை கழற்ற முடியாது.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள், பழுப்பு ஒட்டினால் மறுபடி வெந்நீர். மாப்பிள்ளை முதல் தடவை அனுப்பிய படத்தில் துணி டீத்தூள் நிறத்தில் இருந்தது. பிளக்கைக் கழற்றாமலே கழுவியிருக்கிறார்.