பிராய்லர் பினிஷர் (கறிக்கோழியின் கடைசிக் கட்ட) தீவனத்தில் புரதத்தைக் குறைப்பது எப்படி?

கறிக்கோழிக்குத் தேவை புரதமல்ல, அதிலுள்ள அமினோ அமிலங்கள். மிஞ்சிய புரதம் யூரிக் அமிலமாக எச்சத்தில் போய், ஆழ்கூளத்தை (கொட்டகைத் தரையில் பரப்பிய உமிப் படுக்கையை) ஈரமாக்கி அம்மோனியா நெடியைக் கிளப்பும். ஆனால் புரதம் தரும் சோயா புண்ணாக்கைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டினால் அந்த இடத்தில் மாவுச்சத்து ஏறிவிடும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

படி 1: சோயாவைச் சோதியுங்கள். ஆய்வக அறிக்கையில் வரும் புரதம் நைட்ரஜனை வைத்துக் கணக்கிட்டது. யூரியா கலந்திருந்தால் புரதம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். யூரியா சோதனையும் கேளுங்கள்.

படி 2: 100 கிலோவில் 5 கிலோ மாற்றுங்கள். மக்காச்சோளம் 62 கிலோ, சோயா புண்ணாக்கு 30 கிலோ என்றிருந்ததை 67, 25 ஆக்கினால் புரதம் சுமார் 19-லிருந்து 17.3 சதவீதமாக இறங்கும். மாவுச்சத்து 40-லிருந்து 43-க்கு ஏறும். இதை 22 நாளுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு மட்டும் செய்யுங்கள். குஞ்சுத் தீவனத்தில் கை வைக்காதீர்கள்.

படி 3: இழந்ததைத் திருப்பிக் கொடுங்கள். 100 கிலோ தீவனத்துக்கு, ஏற்கெனவே சேர்ப்பதற்கு மேல், இந்த அமினோ அமிலங்களை: எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு 150 கிராம், டிஎல்-மெத்தியோனின் 40, எல்-திரியோனின் 65, எல்-வாலின் 75 கிராம் சேர்க்க வேண்டும். பலர் லைசினும் மெத்தியோனினும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். திரியோனினோ வாலினோ குறைந்தால் சேர்த்த லைசினும் வீண். தசை வளராது, இறகும் சரியாக முளைக்காது. இவற்றை முதலில் 3 கிலோ மக்காச்சோள மாவில் நன்கு கலந்து, பிறகு மிக்சரில் போடுங்கள்.

படி 4: எண்ணெயும் உப்பும். மக்காச்சோளத்தில் எரிசக்தி அதிகம். எண்ணெயில் 600 கிராம் குறையுங்கள். இல்லையென்றால் வயிற்றில் கொழுப்பு கட்டும். சோயாவோடு பொட்டாசியம் குறைகிறது, லைசின் வழியாகக் குளோரைடு கூடுகிறது. அதனால் 100 கிராம் உப்பை எடுத்துவிட்டு 150 கிராம் சோடியம் பைகார்பனேட் சேர்க்கலாம். மீதி இடத்தை மக்காச்சோளத்தால் நிரப்புங்கள்.

இன்னும் குறைக்கலாமே? அவசரம் வேண்டாம். குடலில், மாவுச்சத்து செரித்து வரும் குளுக்கோஸும் பல அமினோ அமிலங்களும் சோடியத்தின் துணையோடுதான் உள்ளே போகின்றன. மாவுச்சத்து மிஞ்சினால் இரண்டுக்கும் போட்டி வரும். குடற்சுவரும் அமினோ அமிலங்களை எரித்துத்தான் வேலை செய்கிறது. அங்கே குளுக்கோஸ் நேரத்துக்குக் கிடைத்தால் அவை தசைக்கு மிஞ்சும். ஆகவே மாவுச்சத்து எவ்வளவு என்பதோடு, எந்த வேகத்தில் செரிக்கிறது என்பதும் முக்கியம். மேலும், ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறுக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று செலவாகும். மீன் தூள் இல்லாத தீவனத்தில் புரதத்தை மிகவும் இறக்கினால் கிளைசின் பற்றாக்குறையாகும்.

தனியாகச் சேர்த்த அமினோ அமிலம் உடனே உறிஞ்சப்படும்; சோயாவில் பிணைந்திருப்பது செரித்துப் பிறகுதான் வரும். தீவனத்தட்டு பல மணி நேரம் காலியாகக் கிடந்து, பிறகு கோழி ஒரேயடியாகத் தின்றால் இரண்டும் ஒன்று சேராமல் போகும். தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கொட்டகையில் மட்டும் கொடுத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை பழைய தீவனத்துக்குச் சமமாக வந்து தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம்) மட்டும் கெட்டால் எரிசக்திக் கணக்கையும், எடையே குறைந்தால் வாலின், திரியோனின் அளவையும் முதலில் சரிபாருங்கள்.