மாற்றலாகிக் கிளம்பும் குடும்பம் செய்யக்கூடாத தவறுகள்

பேராவூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, பணிமாற்றல் ஆணை கைக்கு வந்த பத்தே நாளில் நாங்கள் கிளம்பினோம். சாமான்களை மூட்டை கட்டுவதுதான் பெரிய வேலை என்று எண்ணி அதற்கு ஒரு வாரத்தை ஒதுக்கிவிட்டு, ஊரோடு இருந்த கொடுக்கல் வாங்கலுக்குக் கடைசி நாள் மாலையை ஒதுக்கியதுதான் எங்கள் முதல் தவறு.

அந்த வட்டாரத்தில் மொய் என்பது விருந்து சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கும் அன்பளிப்பு அன்று. எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் வாங்குவதற்காகவே வைக்கும் மொய் விருந்துகள் நடக்கும். வாங்கிய தொகையைத் திருப்பிச் செய்வது பழைய நடை. அதற்கு மேல் சேர்த்துச் செய்வது புது நடை. ஆயிரம் ரூபாய் வாங்கியவர் ஆயிரத்தைப் பழைய நடையாகவும் ஐந்நூறைப் புது நடையாகவும் எழுதினால் உறவு தொடர்கிறது. ஆயிரத்தை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது என்று பொருள். ஆகவே, ஊரைவிட்டுப் போகிறவர் யாரோடு கணக்கை முடிப்பது, யாரோடு தொடர்வது என்பதை மொய் நோட்டைப் பிரித்து வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நாங்களோ, மகளுக்குக் காது குத்தியபோது எழுதிய நோட்டைப் பழைய செய்தித்தாள்களோடு கட்டி எடைக்குப் போட்டுவிட்டோம். வியாபாரியின் சாக்கிலிருந்து அதை உருவி எடுத்து வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஊர்க் கணக்கையே எடைக்குப் போட்டுட்டியேம்மா" என்று சொன்னபோது, என் கணவர் நோட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மளிகைக் கடைப் பற்று, பால் கணக்கு, மகளிர் குழுத் தவணை ஆகியவற்றை நாமே போய்க் கேட்டு அடைக்க வேண்டும். கிளம்புகிறவரிடம் பாக்கியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், இடையில் கிளம்பும்போது மீட்டரில் உள்ள எண்ணைப் படம் எடுத்து, வீட்டு உரிமையாளர் முன்னிலையிலேயே கணக்குப் பார்த்து முன்பணத்தில் கழித்துக்கொள்வது நல்லது. சுவரில் அடித்த ஆணிக்கெல்லாம் பிறகு தொலைபேசியில் வழக்குப் பேச வேண்டியிருக்காது.

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழகத்தில் மாணவர் விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்திலும் இருப்பதால், பழைய பள்ளி அங்கிருந்து பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ள முடியும்; அதையும் தலைமை ஆசிரியரிடம் நினைவூட்டிவிட வேண்டும். சான்றிதழ் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. குடும்ப அட்டைக்கு முகவரி மாற்றம் போதும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

வீட்டைக் காலி செய்யும் அன்று, வேண்டாததையெல்லாம் வேலைக்கு வந்த பெண்ணின் தலையில் கட்டுவதும் தவறுதான். கிழிந்த பாயும் கைப்பிடி உடைந்த வாளியும் கொடையாகா. தேவைப்படுமா என்று ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டு, நல்ல நிலையில் உள்ளதைக் கொடுக்க வேண்டும். சோறு போட்டுப் பழக்கிய நாயையும் கோழிகளையும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டு வண்டி ஏறுவதைவிட, ஒரு வீட்டாரிடம் பேசி ஒப்படைப்பதே முறை.

எங்களுடைய கடைசித் தவறு, புது முகவரியை வீட்டு உரிமையாளர் தவிர வேறு யாரிடமும் கொடுக்காமல் வந்தது. அடுத்த ஆடியில் எங்களுக்கு வந்த மொய் விருந்து அழைப்பிதழ், பூட்டிக் கிடந்த பழைய வீட்டின் கம்பிக் கதவில் ஆவணி முடியும்வரை செருகியே கிடந்திருக்கிறது. நாங்கள் செய்ய வேண்டிய பழைய நடை இரண்டாயிரம் ரூபாய், அந்த வீட்டாரின் நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.