மாடல் காரின் கண்ணாடி வெளுக்காமல் இருக்க

1:24 அளவு, அதாவது நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு நீளமுள்ள, பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கார் கிட் செய்கிறீர்களா? முன் கண்ணாடியை மட்டும் சூப்பர் க்ளூவால் ஒட்டிவிடாதீர்கள். என் முதல் காரை நான் அப்படித்தான் கெடுத்தேன். இரவு ஒட்டி டப்பாவில் மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க மார்கழிப் பனி மாதிரி வெள்ளைப் படலம். அந்தப் பசையிலிருந்து கிளம்பும் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அப்படிப் படிந்து இறுகிவிடுகிறது. மூடி வைத்தது இன்னும் மோசம், ஆவி வெளியே போக வழியில்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட்டும் வேண்டாம், இந்தக் கண்ணாடியும் பிளாஸ்டிக்தான் என்பதால் அது கண்ணாடியையே கரைக்கும்.

மரவேலைக்குப் பயன்படும் வெள்ளை ஃபெவிகால் போதும். பல் குத்தும் குச்சியின் நுனியில் துளி எடுத்து, கண்ணாடியின் விளிம்பில் மட்டும் தடவி உள்பக்கமிருந்து பொருத்துங்கள். பத்து நிமிடம் வரை நகர்த்திச் சரிசெய்யலாம். வழிந்தால் ஈரமான பட்ஸால் துடைத்தால் போச்சு. காய்ந்தபின் பசை நிறமில்லாமல் ஆகிவிடும். ஒரு இரவு அசைக்காமல் வையுங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்கும் இதே வழிதான்.

அப்புறம், பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் கண்ணாடி. அவசரப்பட்டு முதலில் ஒட்டினால், பெயின்ட் படாமல் கண்ணாடியை மறைக்க மாஸ்கிங் டேப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.