குழப்பும் விளையாட்டுத் தலைப்பைப் பகிர்வதற்கு முன்

பாம்பன், மண்டபம் கரைகளில் இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுத் திரும்புவோரின் கைப்பேசியில், சிக்னல் கிடைத்ததுமே வாட்ஸ்அப் தகவல்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் ‘இந்தியா படுதோல்வி’ என்றொரு வரியைக் கண்டவுடன், செய்தியைத் திறந்து பார்க்காமலே ஒருவர் வீரர்களைத் திட்டி எழுதுகிறார். மற்றொருவர் அதை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார். தோற்றது ஆடவர் அணியா, மகளிர் அணியா, 19 வயதுக்குட்பட்டோர் அணியா, ஆட்டம் கிரிக்கெட்டா, ஹாக்கியா என எதுவும் அந்த வரியில் இராது. ஆகவே முதலில் தேதியையும், அடுத்து அணியையும் பாருங்கள். பழைய செய்திகள் புதியவை போலச் சுற்றுவதால், தேதியே மிக முக்கியம் என்பது என் கருத்து.

சில வேளைகளில் தலைப்பு சரியாக இருந்தும் நம்ப முடியாததாகத் தோன்றும். 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ரன்கள் எடுத்து, சமநிலையை முறிக்க ஆடப்படும் கூடுதல் ஓவரான சூப்பர் ஓவரிலும் தலா 15 ரன்களில் சமநிலை கண்ட பிறகு, கூடுதல் பவுண்டரிகள் அடித்திருந்த இங்கிலாந்துக்கே கோப்பை கிடைத்தது. மழை குறுக்கிட்டால், டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறைப்படி இலக்கு மாற்றப்பட்டு, குறைந்த ரன்கள் எடுத்த அணியும் வெல்லக்கூடும்.

இத்தகைய நேரங்களில் ஸ்கோர் அட்டையில் உள்ள முடிவு வரியைப் படியுங்கள். சிக்னல் மெலிந்த இடங்களில் காணொளியைத் திறக்க முயல வேண்டாம். பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமாகவே இருக்கும் ஸ்கோர் பக்கம் அதைவிட விரைவில் திறக்கும்.