பொதிக்கு முன்னே எடுக்க வேண்டிய எலிக்கணக்கு

பர்மாவில் பெகு, தட்டோன் பக்கம் நெல் போடுகிறவர்கள் கதிர் அறுந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் எலி பிடிக்கும் கிட்டியைத் தேடுகிறார்கள். அப்போது வைத்துப் பயனில்லை, குட்டிகள் பிறந்துவிட்டன.

வயலில் எலி ஏறுவதும் இறங்குவதும் நெல்லின் வயதை ஒட்டித்தான். தூர் கட்டிப் பொதி திரளும் சமயம், அதாவது கதிர் இன்னும் வெளியே வராமல் தாள் உறைக்குள்ளேயே உருண்டு நிற்கும்போது, பெண் எலி சினைப்படும். மூன்று வாரத்தில் ஆறேழு குட்டி போடும். பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். அறுப்பு முடிந்து தீனி போனால் ஈற்றும் நிற்கும். ஊரார் எல்லாரும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடித்தால் இத்தோடு சரி. பக்கத்து வயல் ஒன்றரை மாதம் பிந்தினால் முதல் ஈற்றுக் குட்டிகளே தாயாகிவிடும். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த பின் ஐராவதி டெல்டாவில் நடவு முன்னும் பின்னுமாக இழுத்தது. அடுத்த ஆண்டு எலி பெருகியதற்கு அது பெரிய காரணம். பர்மாவின் மேற்கிலுள்ள சின் மலையில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் பூத்துக் காய் கொட்டும்போதும் தீனி மிகுந்துதான் எலி பெருகுகிறது.

ஆகவே நட்ட இரண்டாம் வாரமே எண்ணிவிடுங்கள். மாலையில் ஒரு ஏக்கரின் வரப்பெல்லாம் நடந்து, வளை வாய்களைச் சேற்றால் அடைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நடுங்கள். விடிந்ததும் திறந்திருப்பதை எண்ணுங்கள். இங்கே பலரும் ஏமாறுவது வயல் பெருச்சாளியிடம். அது உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வாயை மூடிக்கொள்ளும். மூடிய வளை காலி என்று நினைத்து நகர்ந்துவிடக் கூடாது. வாசல் மண்ணைக் காலால் தட்டிச் சமமாக்கிவிட்டுப் போங்கள். காலையில் ஈரமாய், பொலபொலவென்று புது மண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

வளையை வெட்டுவதென்றால் ஊரே ஒரே நாளில் இறங்க வேண்டும். ஒருவர் மட்டும் வெட்டினால் பக்கத்து வயலிலிருந்து குடியேறிவிடும். மாற்று வாசலைக் கண்டுபிடித்து அதில் வலை கட்டிய பிறகே மண்வெட்டியைப் போடுங்கள். கையுறையும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். எலிக்காய்ச்சல் சிறு கீறல் வழியாகவும் ஏறும்.

வேலிப்பொறி இதைவிட நல்லது. 20 மீட்டர் சதுரத்தில், மற்றவர்களுக்கு மூன்று வாரம் முந்தி நெல்லை நடுங்கள். முந்திப் பொதி வரும் பயிரைத் தேடிச் சுற்றுவட்டார எலிகள் வரும். சுற்றிலும் 60 செ.மீ. உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாள், அடியை மண்ணில் புதைத்து, வெளியே தண்ணீர் வாய்க்கால். தாளில் ஓட்டை போட்டு, உள்பக்கம் கூண்டை ஒட்டி வையுங்கள். எலி நடந்து வர ஓட்டைக்கு நேரே வாய்க்காலில் ஒரு மண்திட்டு விடுங்கள். தாளில் புல் சாய்ந்தால் அதுவே ஏணி. ஓர் எலி கடித்த துளையை அன்றே ஒட்டாவிட்டால் மற்றதெல்லாம் அதே வழியில் நுழையும். தினமும் காலையில் கூண்டைப் பார்க்க ஆள் இல்லையென்றால் வேலி போடவே வேண்டாம்.

வரப்பு அகலத்தை 30 செ.மீ.க்குள் வையுங்கள், அதில் வளை தோண்ட இடம் போதாது. அறுப்புக்குப் பின் வைக்கோல் போரை உளுந்து வயலின் ஓரத்தில் அடுக்காதீர்கள்.